சைக்கிளில் போன தர்மம்

தர்மம் செய்வதற்கு நம் நாட்டில் வழிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அன்னதானம் செய்யலாம், தண்ணீர்ப் பந்தல் வைக்கலாம், கோயில் உண்டியலில் போடலாம். ஒன்றுக்கும் வழியில்லாவிட்டால், வாசலில் வந்து நிற்பவரிடம், "சில்லறை இல்லையே, அப்பா!" என்று இனிமையாகச் சொல்லியாவது அனுப்பலாம். ஆனால் சைக்கிள் மிதித்துத் தர்மம் செய்வது என்று ஒரு வழி உண்டு என்பது, சென்ற தை மாதத்துக்கு முன்னால் மயிலாப்பூரில் நமக்குத் தெரிந்தவர்கள் யாருக்கும் தெரியாத விஷயம்.

"நீங்கள் சைக்கிள் மிதித்தால் ஏழைக்கு எப்படி ஸார் பணம் வரும்?" என்று மாட வீதிக் காப்பிக் கடையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இதுதான்: சைக்கிளில் போகிறவர் தம் உறவினரிடமும், ஸ்நேகிதரிடமும், ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரரிடமும் சென்று, "நாம் நாலு நாள் சைக்கிளில் போகப் போகிறோம், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நீர் தர்மத்துக்குக் கொடுக்க வேண்டும்" என்று கேட்பார். கேட்கப்பட்டவர் இந்த மனிதரின் தேக நிலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவர் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டப் போவதில்லை என்ற தைரியத்தில் பெரிய தொகையாகவே ஒப்புக்கொள்வார். பிறகு மாட்டிக்கொள்வார்!

பழனிக்குப் பாத யாத்திரை போகிற பக்தர்களுக்கு வழியில் மோர் கொடுக்கிறவருக்கும் புண்ணியத்தில் பங்கு உண்டு அல்லவா? ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

இந்த வழக்கம் யூதர்களிடையே நன்றாக வேரூன்றியிருக்கிறது. ஜெருஸலேம் நகரில் ஆலின் என்று ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. கை கால் வழங்காத குழந்தைகளுக்கு, இன்ன மதம் என்று பாராமல் சிகிச்சை செய்கிற ஸ்தாபனம். அதற்கு நிதி சேர்க்க 2000ஆம் வருஷத்தில் சைக்கிள் யாத்திரை ஒன்று ஆரம்பித்தார்கள். அதே வருஷத்தில் அமெரிக்க யூதர் சிலர் மேற்குக் கோடியிலுள்ள ஸியாட்டில் நகரிலிருந்து வாஷிங்டன் வரையில் கண்டம் கடந்து சைக்கிளில் சென்றார்கள். ஜெருஸலேமில் புறப்பட்டுப் பாலைவனத்தின் வழியே செங்கடல் கரையிலுள்ள ஈலாத் வரை போகும் யாத்திரையும் உண்டு. இதில் ஒரு விசேஷம்: நடுவில் சனிக்கிழமை வந்தால் எல்லாச் சைக்கிள்களும் நின்றுவிடும்.

அடையாற்றில் சில வருஷங்களாக வசித்து வரும் யூதப் பெரியவர் ஒருவர், எஞ்சினியர், இதையெல்லாம் நமக்குச் சொன்னார். அவரும், அவருடைய மனைவியாரும், தரமணிப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இரண்டு யூத வாலிபர்களும் சேர்ந்து, சென்னையிலேயே சின்ன அளவில் இப்படி ஒன்று நடத்தலாம் என்றார்கள். மயிலை, தியாகராய நகர், திருவல்லிக்கேணி ஆகிய இடங்களிலிருந்து பதினாறு பேர் சேர்ந்தோம். ஆக மொத்தம் இருபது பேர். சேரும் பணத்தில், கால் நடக்க இயலாதவர்கள் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிகள் வாங்கிக் கொடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. காலால் மிதிப்பவர்கள் கையால் மிதிப்பவர்களுக்காக மிதிப்பது பொருத்தம்தானே?

வியாழக்கிழமை காலை தியாகராய நகரில் புறப்பட்டோம். அன்று முழுவதும் பட்டணத்துக்குள்ளேயே சுற்றி நிதி சேர்ப்பது என்பது ஏற்பாடு. பத்து மணி வாக்கில் லாயிட்ஸ் ரோடுக்கு வந்தோம். அவ்வை சண்முகம் சாலை என்பது அதன் இப்போதைய பெயர். அங்கே பெரியவர் சைக்கிளை நிறுத்தினார். அவர் நிறுத்திய இடத்தில் இருப்பது யூதர்களின் சிறு மயானம். அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறோம். வாசலை நின்று பார்த்தது அன்றுதான்.

சென்னைக்கும் யூதருக்கும் உள்ள சம்பந்தம் பழமையானது. பதினேழாவது நூற்றாண்டில் போர்த்துகீசிய யூத வியாபாரிகள் இங்கு வந்தார்கள். மத்தியதரைக் கடலிலிருந்து பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்பினார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்ற பெயரில் அந்த வியாபாரத்தின் ஞாபகம் இன்னும் இருக்கிறது. 1688ல் சென்னை நகரசபை ஏற்பட்டபோது அதன் ஆல்டர்மன்களில் யூத வியாபாரிகளும் இருந்தார்கள். பிறகு வைர வியாபாரம் போயிற்று, வியாபாரிகளும் போனார்கள். ஜார்ஜ் டவுன் பகுதியில் இருந்த அவர்களுடைய பழைய மயானமும் போயிற்று. அங்கிருந்த கற்களில் சில இடம் மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

யூதர்கள் மயானத்தை "ஜீவன்களின் வீடு" என்று அழைப்பார்களாம். இறந்தவர்களுக்குச் செய்யும் பணிவிடையே உண்மையான தயை என்பது அவர்கள் கொள்கை. ஏனென்றால் அதற்குப் பிரதி உபகாரத்தை எதிர்பார்க்க முடியாது. இறந்தவர்களுக்காகச் சொல்லும் கட்டிஷ் என்ற பிரார்த்தனையைப் பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம் என்பது அவர்களுடைய விதி. அந்தப் பத்துப் பேரும் யூதர்களாக இருக்க வேண்டும்.

நாம் இருபது பேர் இருந்தோம். ஆனால் கணக்கு நிறையவில்லை.

பெரியவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கீழே குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து மயானத்தின் சுவர் ஓரமாக வைத்தார். பூவுக்குப் பதிலாகக் கல் வைப்பது அவர்கள் வழக்கம். கோஷ்டியில் இருந்த மற்றவர்களும் ஆளுக்கு ஒரு கல்லைத் தேடி எடுத்து வைத்தோம். லாயிட்ஸ் ரோடில் கூழாங்கல் அகப்படுவது அவ்வளவு சுலபமல்ல. சிலர் ஜல்லியை வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அடையாற்றிலும் பெஸன்ட் நகரிலும் வசூல். பிரம்மஞான சபையின் வாசலைக் கடக்கும்போது பெரியவர் ஒரு செய்தி சொன்னார். சபையின் ஐம்பதாவது வருஷ மகாநாடு 1925 டிஸம்பரில் அடையாற்றில் நடந்த சமயம், சபையைச் சேர்ந்த யூதர்கள் அந்தத் தோட்டத்தில் தங்களுக்கு ஓர் ஆலயம் கட்ட அஸ்திவாரக் கல் நாட்டினார்களாம். கல் நாட்டியதோடு சரி, ஆலயம் எழும்பவில்லை. "சென்னையில் எங்களுக்குக் கல்தான் பாக்கியம்!" என்று சொல்லி அவர் சிரித்தார்.

அடையாற்றை விட்டு மகாபலிபுரத்துக்குப் புறப்படும்போது உச்சி வேளை தாண்டிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போகவேண்டும். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் யூதர்களின் ஓய்வு நாள் தொடங்கிவிடுகிறது. அப்புறம் சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரிகிற வரை வண்டி ஏறக் கூடாது. நெருப்பு மூட்டக் கூடாது. பணத்தைத் தொடக் கூடாது. ஆகையால் பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டும்.

திருவான்மியூர், முட்டுக்காடு, கோவளம் எல்லாம் சௌக்கியமாகத் தாண்டினோம். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கையில், தியாகராய நகரிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற பாங்க் நண்பரின் பின் சக்கரத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பஞ்சர்! கோஷ்டியில் வைத்திருந்த உதிரி டியூப் அவருடைய சக்கரத்துக்குச் சேரவில்லை.

சாலையோரத்தில் ஒரு பஞ்சர் கடையைத் தேடிப் பிடித்தோம். கடைக்காரர் டியூபைக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு முள் இரண்டு இடத்தில் வேலை செய்திருந்தது. உப்புத் தாளால் தேய்த்து, ஸொல்யூஷன் தடவி, காயவிட்டு, ஒட்டவேண்டும். ஸொல்யூஷன் காய்கிற அவகாசத்தை எந்த அவசரத்தாலும் குறைக்க முடியாது.

"நீங்கள் நால்வரும் முன்னால் போங்கள்; நாங்கள் வந்து சேருகிறோம்" என்று பெரியவரிடம் சொன்னோம். அவர் மனைவியாரையும் வாலிபர்களையும் அனுப்பிவிட்டார். ஓய்வு நாளின் விளக்கை ஏற்ற வேண்டியவர் அந்த அம்மாள். தாம் மட்டும் தங்கிவிட்டார். கடைசி ஆள் வருகிற வரையில் யாராவது ஒருவர் கூட இருக்கவேண்டும் என்பது புறப்படும்போது அவரே வகுத்த விதி.

"விதியை உங்களுக்காகக் கொஞ்சம் தளர்த்தலாமே?" என்றார் பாங்க் நண்பர். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

"எனக்காகத் தளர்த்தினால் அது விதி இல்லை" என்றார் பெரியவர், கொச்சைத் தமிழில்.

பஞ்சர் கடைக்காரருக்கு விஷயம் என்னவென்று திருவல்லிக்கேணி வாலிபர் சொன்னார். கடைக்காரர் ஒட்டுத் துணுக்குக்கும் ஸொல்யூஷனுக்கும் காசு வாங்கிக்கொண்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார். "மூணு சக்கர வண்டிக்கும் பஞ்சர் ஆவும் சார், என் கடைக்கு வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

மகாபலிபுரத்துக்கு அரை மைல் இருக்கையில் சூரியன் மறைந்தது. பெரியவர் மேற்கே ஒரு தடவை பார்த்தார். சைக்கிளிலிருந்து இறங்கினார். அதைப் பக்கத்தில் வந்தவரிடம் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்த பணப்பையையும் கொடுத்தார். வெறுங்கையுடன் நடக்கத் தொடங்கினார்.

கோஷ்டியில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. முதலில் பாங்க் நண்பர் இறங்கினார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினோம். பெரியவரை நடுவில் விட்டு, பதினாறு பேர் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பாங்க் நண்பர் பெரியவரின் சைக்கிளையும் கேட்டு வாங்கி, இரண்டு கையில் இரண்டு சைக்கிளாகத் தள்ளி வந்தார். எதிரே வந்த லாரிக்காரர்களுக்கு நாம் ஏதோ ஊர்வலம் போல் தோன்றியிருக்க வேண்டும். தங்கும் விடுதியின் ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன.

சனிக்கிழமை ஒருவரும் சைக்கிளைத் தொடவில்லை. யூத நண்பர்கள் டெலிபோனையும் தொடவில்லை. நம்மவர்களில் சிலருக்கு இது பெரிய சங்கடமாயிருந்தது. "நேற்று வசூலானது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்துவிடலாமே, நாம் எண்ணினால் தோஷமில்லையே" என்று பாங்க் நண்பர் காலையிலிருந்து மூன்று தடவை கேட்டார். நாலாவது தடவை கேட்கவில்லை.

நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை என்று பிறகு தோன்றியது. சரஸ்வதி பூஜையன்று நாம் புஸ்தகத்தைத் தொடுகிறோமா? ஆயுத பூஜைக்குச் சைக்கிளைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை போட்டு நிறுத்தி வைக்கிறோம் அல்லவா? வேலை செய்கிற கருவிக்கு வருஷத்தில் ஒரு நாள் மரியாதை என்பது நம் ஏற்பாடு. வேலை செய்கிற மனிதனுக்கு வாரத்தில் ஒரு நாள் என்பது அவர்கள் ஏற்பாடு. வேலைக்காரனுக்கும் எருதுக்கும் கழுதைக்கும்கூட அன்று ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அவர்களுடைய பத்துக் கட்டளைகளில் விதித்திருக்கிறது.

மத்தியான்னம் மர நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, எல்லோரும் மூன்று நாளாகத் தவிர்த்து வந்த பேச்சு வந்துவிட்டது. 2023 அக்டோபரில் மூண்ட காஸா யுத்தத்தைப் பற்றித் திருவல்லிக்கேணி வாலிபர் கேட்டார். அங்கே மாண்ட குழந்தைகளை நினைத்துத் தமக்குத் தூக்கம் வராத இரவுகள் உண்டு என்றும், இந்த யாத்திரையில் சேரக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள் என்றும் ஒளிக்காமல் சொன்னார். யூத வாலிபர்களில் ஒருவர், அந்த அக்டோபர் 7ந் தேதி கொல்லப்பட்டவர்களில் தமக்கு வேண்டியவர்களும் உண்டு என்றார். இருவர் குரலும் உயர்ந்தது. ஒருவர் அபிப்பிராயத்தை மற்றவர் ஏற்கவில்லை. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. 1938ல் மகாத்மா காந்தி ஹரிஜன் பத்திரிகையில் யூதர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், அவர்கள் பட்ட துன்பத்துக்கு மனம் கசிந்தார். அதே கட்டுரையில் பாலஸ்தீனம் அராபியருடையது என்றும் சொன்னார். காந்தியாலேயே ஒரு வாக்கியத்தில் முடிக்க முடியாத வழக்கை மகாபலிபுரத்து மர நிழலில் நாம் தீர்த்து வைக்க முடியுமா?

அப்போது நம் கோஷ்டியில் இருந்த சரித்திர ஆசிரியர் ஒருவர் வேறொரு கணக்கை எடுத்தார்.

தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம் நடந்த காலம். சிறை சென்ற இந்தியர்களில் தமிழர் மிகப் பலர். அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் தங்க இடமில்லாமல் தவித்தபோது, 1910ல் ஹெர்மன் காலன்பாக் என்ற யூதர், ஜோஹன்னஸ்பர்க் அருகில் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, வாடகையில்லாமல் அவர்களுக்கு விட்டார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. அதற்கு முந்திய வருஷம் ஹென்றி போலக் என்ற மற்றொரு யூதர் இந்தியாவுக்கு வந்து, தென்னாப்பிரிக்க இந்தியருக்காக ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். அவர்கள் படும் பாட்டைப் பற்றிய அவருடைய புத்தகத்தை 1909ல் சென்னையில் ஜி. ஏ. நடேசன் பிரசுரம் செய்தார். நாடு கடத்தப்பட்ட சத்தியாக்கிரகிகள் கப்பலில் வந்து இறங்கியபோது ஆதரித்தவரும் நடேசன்தான்.

"ஆகவே, நம் ஜனங்களுக்காக இந்தப் பட்டணத்தில் துண்டேந்தியவர் ஒரு யூதர். நாம் இவர்களோடு நாலு நாள் சைக்கிள் மிதிப்பது தயவில்லை, பழைய பாக்கி" என்றார் ஆசிரியர்.

பெரியவர் இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தங்கள் பாஷையில் தர்மத்துக்கு "ஸெதாக்கா" என்று பெயர் என்றும், அதன் வேர்ப் பொருள் நீதி என்றும் சொன்னார். பன்னிரண்டாவது நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடீஸ் என்ற யூத அறிஞர் தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்திருக்கிறாராம். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. ஒருவன் மறுபடி யாரிடமும் கை நீட்டாதபடி, தொழிலுக்கோ பிழைப்புக்கோ வழி செய்து கொடுப்பது முதற் படி.

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், அதற்கு முன்னாலேயே ஒப்புரவறிதல் என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்திருப்பதன் காரணம் நமக்கு அப்போது கொஞ்சம் விளங்கிற்று. முதற் படிக்கு உதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. தண்ணீர் கொண்டு வரவும், விளைந்ததை விற்கவும், யார் துணையும் இல்லாமல் வெளியே போகவும் அவர்களுக்கு அந்த இரண்டு சக்கரம் போதுமாயிருந்தது. பிற்பாடு பள்ளிக்கூடப் பெண்களுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கலாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் தியாகராய நகருக்குத் திரும்பினோம். பாங்க் நண்பர் ஆசை தீரப் பணத்தை எண்ணினார். கடையில் தயாராக விற்கும் மூன்று சக்கர வண்டிகள் பத்து வாங்கலாம் என்று கணக்கு வந்தது. எல்லோரும் கை தட்டினோம்.

வண்டி பெறுவதற்காகப் பெயர் கொடுத்திருந்தவர்களில் ஒருவர் அங்கே வந்திருந்தார். ரங்கநாதன் தெருப் பக்கத்தில் சீப்பும் ஹேர்பின்னும் விற்றுப் பிழைப்பவர். மாதிரிக்காகக் கொண்டுவந்திருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். கைப்பிடியை இரண்டு தடவை சுழற்றினார்.

"நல்ல வண்டிதாங்க. ஆனா கைப்பிடி வலது பக்கம் இருக்கு. எனக்கு வலது கையில பலம் இல்ல. இடது பக்கம் மாத்தி, பின்னால சரக்குப் பெட்டி வைக்க ஒரு பலகையும் போட்டுக் குடுத்தா, நானே திருவான்மியூர் வரைக்கும் போய் வியாபாரம் பண்ணுவேன்" என்றார்.

பட்டறைக்காரரை விசாரித்தோம். ஆளுக்குத் தகுந்தாற்போல் அளவெடுத்துச் செய்தால் விலை கூடும். பத்து வண்டிக்குப் பதில் ஏழுதான் வரும் என்றார்.

"அதெப்படி? கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளாமல் இவர் நிபந்தனை போடலாமா? பத்துப் பேருக்குக் கிடைக்க வேண்டியது ஏழு பேருக்கு என்றால் மூன்று பேர் வயிற்றில் அடிப்பதல்லவா?" என்று நம்மவரில் ஒருவர் வாதித்தார். அந்த வாதத்திலும் சாரம் இல்லாமல் இல்லை. அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் பாங்க் நண்பர் பேசினார். முப்பத்தைந்து வருஷம் கடன் கொடுத்து வசூலித்த அநுபவம் அவருக்கு உண்டு.

"கடன் என்று நேற்று ஒப்புக்கொண்டோமா, இல்லையா? கடன்காரன் தன் சௌகரியப்படி திருப்பிக் கொடுக்க முடியாது, ஸார். எந்த நாணயத்தில் வேண்டும் என்று சொல்லுகிற பாத்தியதை வாங்குகிறவருக்குத்தான். ஏழு பேருக்கு அளவெடுங்கள். மிச்சம் மூன்று பேருக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லுகிறேன்."

கணக்குப் போட்டுவிட்டார். இன்னும் இரண்டு நாள் யாத்திரை தேவையாம். பங்குனி வெயிலுக்கு முன்னால் நடத்தியாக வேண்டும் என்பது பெரியவரின் அபிப்பிராயம். திருவல்லிக்கேணி வாலிபரும், அவரோடு வாக்குவாதம் செய்த யூத வாலிபரும் வழி பார்த்து வரும் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். அவர்கள் வழக்கு இன்னும் தீரவில்லை. வழி பார்க்கப் போகிறபோது அதுவும் கூடவே போகும்.

நேயர்களில் பலர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சைக்கிள் ஒன்று துரு ஏறிக் கிடக்கும் என்பது நமக்குத் தெரியும். அதை வெளியே எடுத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, காற்றடித்து வையுங்கள். உதிரி டியூப் சக்கரத்துக்குச் சேருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.